தென்கடலில் ஃப்ளை தூண்டிலால் மயில் மீன் பிடிக்க முடியுமா?

கேட்டவர் தந்த விவரம் சுருக்கமாக இது: நியூசிலாந்தில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளில் ஆற்றில் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை தூண்டில் பழகியிருக்கிறார், சொந்த ஊர் பரமக்குடி, கீழக்கரையில் மாமா முறையுள்ள ஒருவரிடம் ஃபைபர் படகு இருக்கிறது. 12-ஆம் எண் கம்பு ஒன்று வாங்கி வந்தால் மயில் மீனை (ஆங்கிலத்தில் செயில்ஃபிஷ், நீண்ட அலகுள்ள பெருமீன்) பிடிக்க முடியுமா, அதற்கு எத்தனை மீட்டர் வீசத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

முடியும். பன்னிரண்டு மீட்டர் வீசினால் போதும், பதினைந்து என்றால் தாராளம். ஆற்றில் பழகியவர்கள் எல்லாரும் வீச்சைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள். ஏனென்றால் ஆற்றில் மீன் நிற்கும் இடத்துக்கு இரையைக் கொண்டு சேர்ப்பது வீசுபவரின் கை. ஆழ்கடலில் மீனைப் படகின் பின்புறத்துக்குப் பத்து மீட்டருக்குள் கூட்டி வருவது வேறு இருவரின் வேலை. ஒருவர் எஞ்சினில் இருப்பவர், இன்னொருவர் முள் இல்லாத ஏமாற்று இரையை இழுத்துக்கொண்டிருப்பவர். ஆகவே கம்பு வாங்குவதற்கு முன்னால் நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டியது, உங்கள் மாமாவின் படகில் அன்று யார் யார் வருவார்கள் என்பதைத்தான்.

காரணத்தைச் சற்று விளக்குகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ கனமான போலி இரையோ முன்னால் பறக்க, நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நாரும் வைத்துக் கட்டிய, சொல்லும்படியான எடை இல்லாத பொருள். அதை வீச முடியாது. எடை நரம்பில் இருக்கிறது, நரம்பைத்தான் வீசுகிறோம், ஃப்ளை அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. கம்புக்கும் நரம்புக்கும் கொடுக்கப்படும் எண் இந்த எடையைக் குறிப்பது: 12-ஆம் எண் நரம்பின் முதல் 30 அடி, அதாவது ஏறத்தாழ 9 மீட்டர், சுமார் 25 கிராம் எடை இருக்கும். நீங்கள் ட்ரவுட்டுக்குப் பயன்படுத்திய 5-ஆம் எண் நரம்பில் அது ஒன்பது கிராம் அளவுதான். மயில் மீனுக்கான ஃப்ளையோ ஒரு சாண் நீளம் இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டால் ஈரக் கோழியைச் சுற்றி எறிவது போலத்தான். ஆடும் படகில் நின்று, கடல் காற்றில், அதை முப்பது மீட்டர் எறிய எவராலும் தொடர்ந்து முடியாது. எறிந்தாலும் அங்கே மீன் இருக்காது.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் வெப்ஸ்டர் ராபின்சன் என்ற அமெரிக்க மருத்துவர். பனாமா நாட்டின் பசிபிக் கரையில், பின்யாஸ் விரிகுடாவில், 1962-இல் அவர் ஃப்ளை தூண்டிலால் மயில் மீனைப் பிடித்தார். ஓடும் படகுக்குப் பின்னால் முள் இல்லாத இரையை இழுத்து மீனை மேலே எழுப்புவது, மீன் அதைக் கொத்த வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக அருகே கூட்டி வருவது, எஞ்சினை விலக்கியவுடன் அந்த இரையைப் பிடுங்கி எடுத்துவிட்டு அதே இடத்தில் ஃப்ளையை இடுவது. இன்றுவரை உலகெங்கும் நடப்பது ஏறத்தாழ அதே முறைதான். விளையாட்டு மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் பன்னாட்டுச் சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ. (1939-இல் தொடங்கப்பட்டது) தன் விதிகளிலும் இதையே வரையறுத்திருக்கிறது: ஃப்ளை தண்ணீரில் விழும்போது எஞ்சின் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஓடும் படகில் ஃப்ளையைக் கட்டி இழுத்து வரக் கூடாது. சாதனைப் புத்தகத்தில் பெயர் வர வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் இந்த விதியைக் கடைப்பிடியுங்கள். இழுத்து வந்து பிடிப்பதென்றால் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள், அதற்கு வெளிநாட்டுக் கம்பு எதற்கு?

கீழக்கரைப் படகில் இதைச் செய்யும் விதம் இப்படி இருக்கும். ஏமாற்று இரைக்கு முரல் மீனோ, சூரையின் (டூனா) வயிற்றுத் தோலைக் கீறிய நீளத் துண்டோ போதும். வாயைத் தைத்து, முள் போடாமல், தடித்த தங்கூசியில் (நைலான் இழை) கட்டி ஒரு குட்டையான சாதாரணக் கம்பில் இழுக்க வேண்டும். அதோடு கணவாய் வடிவ பிளாஸ்டிக் பொம்மைகளை வரிசையாகக் கோத்து இன்னொரு பக்கம் விடலாம். மயில் மீன் வந்தால் முதலில் தெரிவது ஒரு கறுத்த நிழல், பிறகு நீருக்கு மேலே அலகு. அது இரையை அலகால் தட்டும். சில வேளை வாயில் கவ்வும். அப்போது இழுப்பவர் இரையை மீனுக்கு விட்டுக்கொடுக்காமலும் ஒரேயடியாகப் பறித்துவிடாமலும், கொடுப்பது போலக் காட்டிக் காட்டிப் பின்வாங்க வேண்டும். கோபமும் பசியுமாக மீனின் உடல் நீல ஒளி பெறும். பக்கவாட்டில் கோடுகள் பளிச்சென்று தெரியும். அந்த நிறம் வராத மீனுக்கு வீசினால் பெரும்பாலும் வீண். நிறம் வந்து, மீன் பத்து மீட்டருக்குள் வந்ததும் நீங்கள் குரல் கொடுக்க, எஞ்சின் விலக, இரை வானத்தில் பறக்க, ஃப்ளை விழ வேண்டும். நான்கும் இரண்டு மூன்று விநாடிக்குள். நீண்ட தண்டு எஞ்சின் பொருத்திய சிறு படகில் கியர் இருக்காது; தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுவதுதான் நியூட்ரல்.

ஃப்ளையை மீனின் மூக்குக்கு நேரே போடக் கூடாது. இரை இருந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால், மீனின் ஒரு பக்கமாக விழுந்தால், மீன் திரும்பி அதை எடுத்துக்கொண்டு படகை விட்டு விலகிப் போகும். அப்போது முள் வாயின் ஓரத்தில், கீல் இருக்கும் மென்மையான இடத்தில் பதியும். நேராகப் படகை நோக்கி வரும் மீன் வாயில் கவ்வினால் முள் எலும்பில் பட்டு வழுக்கி வெளியே வந்துவிடும். ட்ரவுட்டுக்குக் கம்பை உயர்த்துவீர்களே, அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும்: கம்பு மீனை நோக்கித் தாழ்ந்தே இருக்க, இடக்கையால் நரம்பைச் சுரீரென்று பின்னால் இழுத்துத்தான் முள்ளைப் பதிக்க வேண்டும். வலக்கைக்காரராக இருந்தால் படகின் இடது பின்மூலையில், பின்னோக்கி நில்லுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் திறந்த கடலாக இருக்கும், பின்வீச்சில் முள் எவர் முகத்திலும் படாது. கண்ணாடி அணியாமல் எவரும் அந்தப் படகில் நிற்கக் கூடாது.

நம் படகுகள் இந்த வேலைக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கயிறு, வலைக்குண்டு, ஐஸ் பெட்டி, நங்கூரம், ஆணித்தலை என்று ஃப்ளை நரம்பு மாட்டிக்கொள்ள நூறு இடம் உண்டு. முதல் முறை எனக்கு மீன் மாட்டியபோது, காலடியில் சுருண்டு கிடந்த நரம்பு நங்கூரத்தின் கொக்கியில் சிக்கியது. பத்து கிலோ தாங்கும் நரம்பு பட்டென்று அறுந்தது, மீன் போய்விட்டது, கம்பின் நுனியும் ஒடிந்தது. கூட வந்த பெரியவர், "கம்பு விலைக்கு நல்ல வலையே எடுத்திருக்கலாமே தம்பி" என்றார். அதன் பிறகு ஒரு பெரிய அன்னக்கூடையில் கால் பங்கு கடல் நீர் ஊற்றி, நரம்பை அதற்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். பின்தளத்தில் ஈரச் சாக்கோ தார்ப்பாயோ விரித்து, மற்ற எல்லாவற்றையும் முன்பக்கம் ஒதுக்கச் சொல்லிவிடுங்கள். செருப்பில்லாமல் நிற்பது நல்லது. நரம்பை மிதித்தால் உடனே தெரியும்.

இப்போது கருவி. 12-ஆம் எண் கம்பு சரியான தேர்வுதான், 13, 14 இன்னும் வசதி. ஆனால் பணத்தைக் கம்பில் கொட்டாமல் ரீலில் போடுங்கள். ஆற்றில் ரீல் என்பது நரம்பைச் சுற்றி வைக்கும் டப்பா. இங்கே மயில் மீன் முதல் ஓட்டத்திலேயே இருநூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போகும். (அது மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நீந்துகிறது என்று எங்கும் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிற்கால அளவீடுகள் 40 கி.மீ.க்கும் குறைவாகவே காட்டுகின்றன. உங்கள் விரல் மூட்டை ரீல் கைப்பிடி உடைக்க அதுவே போதும்.) ஃப்ளை நரம்பு முப்பது மீட்டருக்கு மேல் இருக்காது என்பதால், அதற்குப் பின்னால் மெல்லிய, வலுவான பின்னல் நரம்பு நானூறு மீட்டராவது சுற்றப்பட்டிருக்க வேண்டும்.

ரீலின் பிரேக்கை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் புதியவர்கள் மீனை இழக்கிறார்கள், ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். பிரேக் தடுப்பது சுருளின் அச்சை. சுருள் நிறைந்திருக்கும்போது இரண்டு கிலோ இழுவைக்கு நரம்பு வெளியேறும்படி வைத்திருந்தீர்கள் என்றால், மீன் ஓடி ஓடிச் சுருளின் ஆரம் பாதியாகும்போது அதே பிரேக் நான்கு கிலோ இழுவையைக் கேட்கும். அதற்கு மேல், தண்ணீருக்குள் இருநூறு மீட்டர் நரம்பும், பருத்த ஃப்ளை நரம்பும் இழுபடுவதால் உண்டாகும் தடை தனியாகச் சேரும். மீன் வளைந்து திரும்பினால் அது இன்னும் கூடும். மீன் தூரம் போகப் போக நம் கை தானாகவே பிரேக்கை இறுக்கப் பார்க்கும், செய்ய வேண்டியதோ தளர்த்துவது. பத்து கிலோ தாங்கும் நரம்புக்குத் தொடக்கத்தில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வைத்து, மீன் அருகில் வந்த பிறகு உள்ளங்கையால் சுருளின் விளிம்பைத் தேய்த்துக் கூட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

அந்தப் பத்து கிலோ நரம்பு எதற்கு என்று கேட்கலாம். ஃப்ளை முனையில் இரண்டு துண்டு உண்டு. ஒன்று, வேண்டுமென்றே பலவீனமாக வைக்கும் துண்டு, ஐ.ஜி.எஃப்.ஏ. கணக்கில் அதன் உச்ச வகை 10 கிலோ, நீளம் குறைந்தது 15 அங்குலம். அடுத்தது ஃப்ளையை ஒட்டி வரும் தடித்த துண்டு. முடிச்சு உட்பட 12 அங்குலத்துக்கு மிகக் கூடாது. மயில் மீனின் அலகு அரம் போலச் சொரசொரப்பானது, ஆகவே 40 கிலோவுக்குக் குறையாத தங்கூசி வேண்டும். கூரிய பல்லுள்ள வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் தங்கூசி எதுவும் தாங்காது, கம்பிதான். சாதனைக் கணக்கு வேண்டாதவர்கள் தடித்த துண்டை நீட்டிக்கொள்ளலாம், ஆனால் பலவீனமான துண்டை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஏதேனும் சிக்கும்போது அறுவது விலையுயர்ந்த ஃப்ளை நரம்பாக இருக்கும்.

ஃப்ளையை நீங்களே கட்டுங்கள். அமெரிக்கர் லெஃப்டி க்ரே 1950-களின் பிற்பகுதியில் உருவாக்கிய டிசீவர் என்ற வடிவம் சேவல் இறகும் மான் வால் மயிரும் கொண்டது. நம் நாட்டில் மான் மயிரைத் தேடப் போக வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் போய் நிற்கும். வெள்ளாட்டின் நீண்ட வெள்ளை மயிரும், நாட்டுச் சேவலின் கழுத்திறகும், கொஞ்சம் மினுங்கும் பிளாஸ்டிக் இழையும் அந்த வேலையைச் செய்யும். வெள்ளையும் நீலமும் கலந்தால் கோலா மீன் போலவும், வெள்ளையும் பச்சையும் கலந்தால் சாளை போலவும் தோன்றும். மயில் மீனுக்கு மட்டும் தலையில் நுரைக்கட்டை வைத்து, இழுக்கும்போது நீர் கொப்பளிக்கும்படி செய்தால் நல்லது.

மீன் மாட்டிய பிறகான போராட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். துள்ளும்போது கம்பை மீனை நோக்கித் தாழ்த்தி நரம்புக்குத் தளர்ச்சி கொடுங்கள்; ஓடும்போது ஓட விடுங்கள்; நின்றால் படகை மீனை நோக்கி விடச் சொல்லி நரம்பைச் சுற்றுங்கள். கம்பை நெட்டுக்குத்தாகத் தூக்கி வளைத்தால் அழகாக இருக்கும், மீனுக்கு ஒன்றும் ஆகாது, படகருகே வந்தவுடன் கம்பு ஒடியும். தாழ்வாகப் பிடித்து, மீன் போகும் திசைக்கு எதிராகப் பக்கவாட்டில் இழுத்தால்தான் அது களைக்கும். அரை மணிக்கு மேல் நீண்டால் நரம்பை அறுத்துவிடுவது மேல். வெந்நீர் போன்ற கோடைக் கடலில் நெடுநேரம் போராடிய மீன் விட்ட பிறகும் பிழைப்பதில்லை.

எங்கே, எப்போது என்பது அடுத்தது. பாம்பன் பாலத்துக்கு வடக்கே உள்ள வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழமற்றது. கலங்கல் அதிகம், விசைப்படகுகளும் அதிகம். பெருமீனுக்கு அது இடமில்லை. நீங்கள் போக வேண்டியது தென்கடலான மன்னார் வளைகுடா. வாடை தணிந்த பிறகு மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்து காற்றும் அடங்கியிருக்கும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) பிடித்துவிட்டால் ஃப்ளை கம்பைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. இருந்தாலும் விளையாட்டுக்காகப் போகும் படகுக்கு என்ன அனுமதி தேவை என்று மீன்வளத் துறையிடம் உங்கள் மாமா மூலம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டு எல்லைகளை மறக்கக் கூடாது. தூத்துக்குடி முதல் மண்டபம் வரையிலான 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் சேர்ந்து 560 சதுர கி.மீ. பரப்பு 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கீழக்கரைக்கு எதிரே தெரியும் அப்பா தீவும், ஏர்வாடிப் பக்கத்துத் தீவுகளும் அதற்குள் அடங்கும். பவளப் பார்களில் பெரிய பாறை மீன் திரிவதைக் கண்டாலும் அங்கே தூண்டில் போடக் கூடாது. இன்னொன்று பன்னாட்டுக் கடல் எல்லை. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. மாட்டிய மீனைத் துரத்திக்கொண்டு படகை விடும்போது நீரோட்டமும் சேர்ந்து எங்கே கொண்டுபோகிறது என்பதை ஜி.பி.எஸ்.ஸில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் போவதைவிட, கீழக்கரையிலிருந்தோ வாலிநோக்கத்திலிருந்தோ தெற்கே இறங்குவது இந்தக் காரணத்தால் எனக்குப் பிடித்தமானது.

மயில் மீன் தினமும் எழும் மீன் இல்லை. பாம்பனில் அது கரைக்கு வரும் நாள்கள் உண்டு. அவை பெரும்பாலும் வலையில் சிக்கியவை. 1947-இல் ஈக்வடார் கடலில் பிடிபட்ட 100 கிலோ மீன்தான் பசிபிக் பக்கத்துச் சாதனை, நம் பக்கம் வருபவை பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. அதற்காகவே பத்து நாள் காத்திருக்கும் பொறுமை இல்லையென்றால், முதல் பருவத்தைக் கட்டா என்ற சிறிய மீனுக்கும் சூரைக்கும் ஒதுக்குங்கள் என்பேன். ஆலா என்ற கடற்பறவைக் கூட்டம் தாழப் பறந்து மூழ்கும் இடத்தில் சூரை சாளையை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சினைத் தூரத்திலேயே நிறுத்தி, காற்று தள்ளிக்கொண்டு போகும் வழியில் நுழைந்தால் ஏமாற்று இரை எதுவும் இல்லாமலே வீசலாம். கூட்டத்துக்கு நடுவே படகை ஓட்டுவது கெடுதல். மீன் உடனே அமிழ்ந்துவிடும். மிதக்கும் மரத்துண்டு, அறுந்த வலை, ஆமை எதைக் கண்டாலும் அதன் நிழலில் கடல் விரால் நிற்கிறதா என்று பாருங்கள். நான்கு கிலோ கட்டாவிடம் பிரேக் பாடத்தைக் கற்றவர் முப்பது கிலோ மயில் மீனிடம் கம்பை இழக்க மாட்டார்.

படகில் ஏறுவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டியது பிடித்த மீன் யாருக்கு என்பது. மயில் மீனைத் திரும்பக் கடலில் விடுவதுதான் இந்த விளையாட்டின் வழக்கம். கையுறை போட்டு அலகைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, படகை மெல்ல முன்னே நகர்த்திச் செவுளில் நீர் ஓடவிட்டால் சில நிமிடங்களில் அது தானாக உதறிக்கொண்டு போகும். ஆனால் நாள் முழுக்க உழைத்த ஆள்களின் கண் முன்னால், சந்தையில் விலை போகும் மீனை விடுவது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் வழி இது: டீசல், ஆள்கூலி, அன்று வலை போடாததால் போன வருமானம் எல்லாவற்றையும் கணக்கிட்டு முன்பணமாகவே கொடுத்துவிடுவேன், மயில் மீன் கடலுக்கு, சூரையும் வஞ்சிரமும் படகுக்கு. மாமாதானே என்று பேசாமல் ஏறினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

வருவதற்கு முன் வீச்சைப் பழக ஆறு தேட வேண்டியதில்லை. பரமக்குடியைச் சுற்றி வற்றிக் கிடக்கும் கண்மாய்களில் மாலைக் காற்று நன்றாகவே வீசும். முள்ளை வெட்டியெடுத்த முழு அளவு ஃப்ளையோடு, காற்று வலத்தோள் பக்கம் அடிக்கும்படி நின்று, ஒரே ஒரு பின்வீச்சில் பன்னிரண்டு மீட்டர் தூரத்துக் குடத்தைத் தொடும் வரை பழகுங்கள். ஆற்றில் போல நான்கைந்து முறை காற்றில் ஆட்டிக்கொண்டிருக்க அங்கே நேரம் கிடைக்காது. கரை திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். குடத்துத் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊரில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் அத்தை விரட்டுவார்; அரை வாளித் தண்ணீரில் ரீலையும் நரம்பையும் ஊறவைத்து, அதையே தென்னைக்கு ஊற்றிவிடுங்கள். முதல் நாள் 12-ஆம் எண் கம்போடு 9-ஆம் எண்ணையும் கட்டித் தயாராக வைத்திருங்கள். மயில் மீன் எழாவிட்டாலும், பூங்கா எல்லைக்கு வெளியே திரும்பி வரும் வழியில் மாலை வெயிலில் கட்டா மேலே மேயும்.